மூன்று கார்களும் ஒரு வலது காலும்

பெடலிலிருந்து காலை எடுக்கிறேன். மெதுவாக இல்லை, வெடுக்கென்று. வெள்ளைக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் குறைகிறது. கண்ணாடியில் பார்க்கிறேன், பின் சீட்டில் முதலாளியின் தலை முன்னால் வந்து பின்னால் போகிறது. நல்லது. மறுபடி மிதிக்கிறேன், கொஞ்சமாக, அவர் சாய்ந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்து கொள்ளட்டும், மறுபடி எடுக்கிறேன். இதுதான் இந்தக் கரண்ட் வண்டிகளின் சங்கதி. அரை மணி முன்னால் கடையில் அந்தப் பெண் யாமினி விளக்கியபோதே பிடித்துக்கொண்டேன். "ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னாலே வண்டி தானா பிரேக் பிடிக்குமுங்கண்ணா. அந்த வேகம் கரண்டாகி பேட்டரிக்கே திரும்பிப் போயிருமுங்க. என்ன, மெதுவா எடுக்கோணும். இல்லைன்னா பின்னால இருக்கறவங்களுக்கு வயித்தப் பொரட்டும்." அவள் எச்சரிக்கையாகச் சொன்னாள், நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். இப்போது அவள் என் பக்கத்து சீட்டில் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூணே முக்கால் நொடி சார். மூணே முக்கால் நொடியில் நீலம்பூர் பைபாஸில் போய் இவர் என்ன செய்யப்போகிறார்? ஆள் ஒரு தோசை சாப்பிட முக்கால் மணி நேரம். தேவராஜ், தேவராஜ் மோட்டார்ஸ் அண்டு பம்ப்ஸ், வயது அறுபத்தாறு. நான் ஆறுச்சாமி, அவருடைய டிரைவர், இருபத்திரண்டு வருடம். நாற்பத்தைந்து லட்சத்துக்கு ஒன்று, எழுபது லட்சத்துக்கு ஒன்று, ஒரு கோடியே அறுபதுக்கு ஒன்று, மூன்றும் இந்தக் கடையில் நிற்கிறது, எல்லாம் ஆறு மாதம் ஒரு வருடம் யாரோ ஓட்டிவிட்டு விற்றவை. மூன்றையும் நான் ஓட்டிக்காட்ட வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், கடைசியில் எது என்று என்னைக் கேட்பார், நான் சொல்வதை வாங்குவார். எங்கள் ஊரில் மில்காரர் பம்ப்காரர் எல்லோரும் அப்படித்தான், மருமகளை ஜோசியரைக் கேட்டு எடுப்பார்கள், காரை டிரைவரைக் கேட்டு எடுப்பார்கள். மூன்றையும் அவருக்கு வெறுக்கவைத்து, வந்த பழைய டீசல் வண்டியிலேயே அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு என் வேலை. காலை எடுக்கிறேன். தலை முன்னால் வந்து பின்னால் போகிறது. "ஏனப்பா ஆறுச்சாமி, இப்புடிக் குலுக்குது?" என்கிறார். "வண்டி அப்புடிங்க ஐயா," என்கிறேன், முகத்தில் எவ்வளவு வருத்தம் வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு.

அந்த "ம்" மட்டும் இல்லாவிட்டால் நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன். மூன்று வாரம் முன்னால், காந்திபுரம் சிக்னலில், மருமகப் பொண்ணு பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டே சொன்னது. "மாமா, இந்த எலக்ட்ரிக் காருலெல்லாம் கிளட்ச் இல்ல, கியர் இல்ல, ஒரே பெடல். நீங்களே ஓட்டிட்டுப் போலாம். டிரைவர் எதுக்கு மாமா இனிமேல்?" நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு அடி தூரம். டிரைவருக்குக் காது கிடையாது என்று இவர்கள் எல்லோரும் எப்படியோ முடிவு செய்திருக்கிறார்கள், எத்தனை சொத்துத் தகராறு, எத்தனை ஆஸ்பத்திரி ரிப்போர்ட், அவருடைய தங்கச்சி வீட்டுக்காரர் அழுதது வரைக்கும் என் பின்மண்டைக்குப் பின்னால்தான் நடந்தது. அதற்கு முதலாளி சொன்ன பதில் "ம்". அவ்வளவுதான். அவருடைய "ம்" எல்லாம் எனக்குத் தெரியும். கடன் கேட்டு வருகிற ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு "ம்", அது இல்லை என்று அர்த்தம். பூமி விலை பேசும்போது ஒரு "ம்", அது இன்னும் இறங்கு என்று. சாப்பாடு நன்றாக இருந்தால் ஒன்று, தூக்கம் வந்தால் ஒன்று. அன்றைக்குச் சொன்ன "ம்" இதில் எதிலும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து மயிலாத்தாளிடம் அதே மாதிரி சொல்லிக்காட்டினேன், நாலைந்து முறை, இது என்ன மாதிரி "ம்" என்று. "உங்களுக்கு வேற சோலியில்ல. பேசாமப் படுங்க," என்றாள் என் பெண்டாட்டி. அவளுக்கென்ன, பங்களாவுக்குப் பின்னால் கார் ஷெட்டை ஒட்டிய அந்த ஒன்றரை அறை வீடு, தண்ணீர் வருகிறது, கரண்ட் பில் கிடையாது, முருங்கை மரம்கூட அவள் வைத்தது. அது அவர் வீடு என்பதை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் டிரைவர் வேலைக்கு எவன் எடுப்பான்? பள்ளிக்கூட வேன் ஓட்டலாம், அதற்கும் இப்போது ஐம்பதுக்குக் கீழே கேட்கிறார்களாம். ஆக அந்த "ம்"முக்கு ஆமாம் என்று அர்த்தம் இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் தெருவில். ஆமாம் என்று இல்லாமல் இருந்தால் இன்றைக்கு ஏன் இங்கே வந்திருக்கிறோம்? யாமினி என்னைப் பார்க்கிறாள், சாலையைப் பார்க்கிறாள், மறுபடி என் முழங்காலைப் பார்க்கிறாள். நான் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓட்டுகிறேன்.

இரண்டாவது காரான நீலத்தில் ஏறும்போது முதலாளியின் முகம் ஏற்கனவே லேசாக வெளுத்திருக்கிறது. ஆனாலும் பேச்சு குறையவில்லை, மோட்டார் என்றால் இவரை நிறுத்த முடியாது. "மோட்டாரு பத்தி எனக்கு நீ சொல்றியாம்மா? முப்பத்தெட்டு வருசமா மோட்டாருக்குக் காயில் சுத்தறேன். இஞ்சினு சூடாகி, ஆர்ப்பிஎம் ஏறி, அப்புறந்தான் இழுக்கும். மோட்டாரு அப்புடியில்ல, தொட்டவொடனே முழு பலமும் வந்து நிக்கும்." யாமினி ஆமாங்க சார், ஆமாங்க சார் என்கிறாள், எழுபது லட்சத்துக்கு அவள் ஆயிரம் ஆமாம் சொல்வாள். இந்த நீலம் பேருக்குத்தான் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி. நொடிக்கணக்கு ஐந்தரை, பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது, வெள்ளையைவிட இருபத்தைந்து லட்சம் அதிகம், அந்த இருபத்தைந்தும் முன்னால் ஒட்டியிருக்கிற பேட்ஜுக்கு. ஸ்டியரிங் கனம், லாரி மாதிரி கையை நிறைத்துப் பிடிக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பின் சீட்டு மட்டம். பேட்டரியைத் தரைக்கடியில் போட்டுவிட்டதால் தரை மேலே ஏறி, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. முதலாளி குந்தவைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியில் பார்க்கவே சிரிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் வயிறு அந்த மடங்கின காலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நசுங்கும், அதைக் கணக்குப் பண்ணித்தான் காலை எடுக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன், எந்த வண்டியானாலும். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை, அதில்தான் என் பிழைப்பு. ஊட்டி மலை முழுக்க அவர் தூங்கிக்கொண்டே வருவார், ஒரு வளைவில்கூட கண் விழித்ததில்லை, அவருடைய சம்சாரத்தைக் கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது அந்த அம்மா, வண்டி நின்னுருச்சா கண்ணு என்று கேட்டது, அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட கால். அதே காலை வைத்து இன்றைக்கு மனிதனை உலுக்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் இதையும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறேன் பாருங்கள் என்று யாரிடமாவது காட்டவும் ஆசையாக இருக்கிறது. பத்து வருடம் முன்னால் அவர் ஆட்டோமேட்டிக் வண்டி எடுக்கப் போனபோது, "அது மலையேறாதுங்க ஐயா, பாதியில நின்னுக்கும்," என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். பொய்தான். நம்பினார். அதனால்தான் அந்த டீசல் இன்னும் கியரோடு நிற்கிறது, நானும் நிற்கிறேன். இப்போது ஒரு வார்த்தையில் முடியாது, மருமகள் இன்டர்நெட்டில் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். ஆகவே வாயை விட்டுவிட்டுக் காலிடம் வந்திருக்கிறேன். "கொஞ்சம் நிறுத்துப்பா," என்கிறார் முதலாளி. நிறுத்துகிறேன். கண்ணை மூடி மூச்சு விடுகிறார். யாமினி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். அடுத்த வண்டி வேண்டாம் என்று இப்போது சொல்வார், சொல்லுங்கள் ஐயா, சொல்லிவிடுங்கள். "அந்தக் கறுப்பையும் பாத்துருவோம்," என்கிறார்.

கறுப்பு. இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, யாமினி சொன்னதெல்லாம் நம்பர். மூணே கால் நொடி, அறுநூறு குதிரை சக்தி, ஒரு கோடியே அறுபது லட்சம். பெருவிரலை வைக்கிறேன், வைக்கத்தான் செய்தேன், மிதிக்கவில்லை, சாலை என் முகத்துக்கு வந்துவிட்டது. வெள்ளையில் பெடலை ஒரு அங்குலம் மிதித்தால்தான் வண்டி புரிந்துகொள்ளும், அந்த முதல் அங்குலத்தை யாரோ நல்ல மனிதர்கள் சாதுவாக வைத்திருக்கிறார்கள். நீலத்தில் இரண்டு அங்குலம். இதில் முதல் அங்குலமே கிடையாது. நினைப்பதற்கு முன்னால் போய்விடுகிறது. முதுகு சீட்டோடு ஒட்டி, வயிறு எங்கேயோ பின்னால் தங்கி, காதில் சத்தமே இல்லை, அதுதான் பயம், சத்தம் இருந்தால் மனிதன் கொஞ்சம் சுதாரிப்பான். முப்பத்தைந்து வருடத்தில் இந்த மாதிரி ஒன்றை என் கால் தொட்டதில்லை. ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோனது, மருமகள், "ம்", முருங்கை மரம், எல்லாம். இது என் வண்டியாக இருந்தால், தனியாக, பாலக்காட்டு ரோட்டில், அதிகாலை. வாயைத் திறந்து சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, யாமினியும் சிரித்தாள், "சூப்பருங்களாண்ணா?" அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நல்ல வண்டியில் ஏறுவதற்கு இவரிடம் காசு இருக்கிறது, ஓட்டுவதற்கு என்னிடம் கால் இருக்கிறது, காசு காலை வேண்டாம் என்று சொல்லப்போகிறது. காலை எடுத்தேன். இதுவரை எடுத்ததெல்லாம் விளையாட்டு, இது வேறு. தொண்ணூறிலிருந்து ஐம்பதுக்கு, மறுபடி தொண்ணூறு, மறுபடி. பெல்ட் அவர் தோளில் விழுகிற சத்தம் கேட்டது. மறுபடி. "டேய்... நிறுத்து," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என்னை டேய் என்றதில்லை. ஓரத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்து, ஒரு கால் வெளியே வைத்து, காலையில் தின்ற இட்லி, சட்டினி, சர்க்கரை மாத்திரை, எல்லாம் பைபாஸ் மண்ணில். நான் ஓடிப்போய் அவர் நெற்றியை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தேன். பிடரி வேர்த்துச் சில்லென்று இருந்தது. கிழவனுக்கு உடம்பு இவ்வளவு இலேசாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை மாதிரி ஏதோ வந்தது, அதற்கடியில் ஜெயித்துவிட்டேன் என்றும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவனுக்கு வருமா என்று தெரியவில்லை, எனக்கு வந்தது. வாயைத் துண்டால் துடைத்துவிட்டேன். "நமக்கு இது ஆகாதுங்க ஐயா. நம்ம வண்டியே போதும்," என்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது யாமினி வாயைத் திறந்தாள். அவளுக்கும் மாதக் கடைசியில் காட்ட ஒரு விற்பனைக் கணக்கு இருக்கிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று இப்போது தோன்றுகிறது, அப்போது அவளைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க சார். வண்டில ஒண்ணும் இல்லைங்க. அண்ணன் காலை சட்டுச்சட்டுன்னு எடுக்கறாருங்க. வயசானவங்க சில பேருக்குக் கால் பழகறதில்லைங்க சார்." முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, காலை. செருப்பில்லாமல் மண்ணில் நிற்கிற என் வலது காலை, பழுதாகிக் கம்பெனிக்குத் திரும்பி வந்த மோட்டாரைப் பார்ப்பாரே, அப்படி. நான் வேண்டுமென்று செய்தேன் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படிக் கண்டுபிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளில் கை வைத்தார். "உனக்கும் சக்கரதான? எனக்குத் தெரியும், மயிலாத்தா ஆஸ்பத்திரிச் சீட்டுக் காட்டுனா. கால் மரத்துப் போச்சு, அப்புடித்தான? மூணு வண்டிலயும் ஒரே மாதிரி தூக்கிப்போடுதேன்னு அப்பவே யோசிச்சேன். மூணு கம்பெனி, மூணு வெலை, எப்புடி ஒரே கொறை இருக்கும்? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல ஆறுச்சாமி. மறச்சு வெச்சு ஓட்டியிருக்கற." அவ்வளவு பாசமாகச் சொன்னார். நான் மறுக்க வாயெடுத்தேன். சர்க்கரை இருக்கிறதுதான், ஆனால் என் காலுக்கு ஒன்றும் இல்லை ஐயா, பெருவிரலுக்குக் கீழே ஒரு எறும்பு ஊர்ந்தால் தெரியும், நான் வேண்டுமென்றே உங்களை வாந்தி எடுக்க வைத்தேன். இதைச் சொன்னால் கால் பிழைக்கும், நான் போவேன். சொல்லாவிட்டால் நானும் போவேன், காலும் போகும். எப்படிப் பார்த்தாலும் போகிறது. அந்தப் பெண் வேறு பாவமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஒரு துளி மோர் சிந்தாமல் ஓட்டிய காலைச் செல்லரித்த கால் என்று எழுதிக் கொடுத்தேன். "ஆமாங்க ஐயா. ரெண்டு மாசமாவே மரத்துத்தான் கெடக்குது," என்றேன். தான் சொன்னது சரியாகிவிட்டதில் அவர் முகம் தெளிந்துவிட்டது.

கறுப்பை யாமினியே ஓட்டிக் கடைக்குக் கொண்டுவந்தாள், வெள்ளைக் காரின் திரையில் எதையோ தொட்டு அந்தத் தானாகப் பிடிக்கிற பிரேக்கைக் குறைத்துவிட்டாள். கடை வளாகத்துக்குள்ளேயே வெள்ளையை ஒரு சுற்று ஓட்டிப்பாருங்க சார் என்றாள். "நீ பின்னால உக்காருப்பா," என்றார் முதலாளி. கார் எதிலும் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. நன்றாகத்தான் நகர்ந்தது, வெள்ளை அப்படிப்பட்ட வண்டி, யார் ஓட்டினாலும் பொறுத்துக்கொள்ளும், மூன்றில் நல்லது அதுதான், விலைக்கும் அதுதான், வயதானவருக்கும் அதுதான். அவர் சின்னப்பையன் மாதிரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா," என்கிறார். நான் சீட்டுகளுக்கு நடுவே எட்டி அவர் காலைப் பார்க்கிறேன். இரண்டு பெடலுக்கும் நடுவில் ஒரு கால், எதன்மேல் என்று முடிவு செய்யாத கால். ஒரு பூனை குறுக்கே ஓடுகிறது, அவர் கால் பதறி எதையோ அமுக்குகிறது, வண்டி நிற்பதற்குப் பதில் முன்னால் போகிறது, முதல் அங்குலம்தான் என்பதால் மெதுவாகத்தான் போகிறது, பக்கத்திலிருந்து யாமினி பார்க்கிங் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பங்களா மதில் ஞாபகம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்து, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அமுக்கி, அமுக்கியது தப்பு என்று தெரிந்து பயந்து இன்னும் அமுக்கி, மதில் சுவரோடு போய் நின்றார். பயந்தால் அமுக்குகிற ஜாதிக் கால் அது. வீட்டில் நான்தான் இடித்தேன் என்று சொல்லிப் பேச்சு வாங்கினேன். அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், அவர் மறந்தே போயிருப்பார். வெள்ளை என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் சோறு போட்ட மனிதன், வெள்ளையை வாங்கிக்கொண்டு நல்லபடியாக இருக்கட்டும். வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே, கண்ணாடியில் என்னைப் பார்த்து அவர் பேசினார். "நீங்க வீட்டக் காலி பண்றதுக்கொண்ணும் அவசரமில்ல, அடுத்த மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கலாம். சார்ஜ் போடற மிசினு வெக்கறதுக்கு அந்த எடந்தான் தோதா இருக்குதுன்னு எஞ்சினியர் அளந்துட்டுப் போயிட்டாப்ல. மருமவ ஷெட்டோட சேத்து இடிச்சுக்கலாங்கறா. அந்த முருங்கயுந்தான்." அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது? நான் இவருக்குக் கார் துடைத்துக்கொண்டிருந்தபோது. இன்றைக்கு நான் எப்படி ஓட்டியிருந்தாலும், பூ மாதிரி ஓட்டியிருந்தாலும், அளந்தாகிவிட்டது. காலை வேறு வீணாக விற்றேன். "செரி, நீ சொல்லு," என்றார் முதலாளி, சந்தோஷமாக, இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்பதுபோல. "மூணும் ஓட்டிப் பாத்தவன் நீதான். நான் ஓட்டறதுக்கு எது செரியா இருக்கும்?" வாயில் வெள்ளை இருந்தது. வெளியே பார்த்தேன், வெயிலில் மூன்றும் நின்றன. "கறுப்புங்க ஐயா," என்றேன். "தொட்டாப் போதும், போயிட்டே இருக்கும்." அவர் யாமினியைப் பார்த்து, அதையே பேப்பர் போட்டுரும்மா என்றார்.